சம ஊதியத்துக்குக் குரங்கின் சாட்சி எதற்கு?

நியாய உணர்வு மனிதருக்கு மட்டும் உரியதல்ல, குரங்குக்கும் உண்டு என்று சொல்பவர்கள் இருபது ஆண்டுகளாக ஒரு துண்டு வெள்ளரிக்காயைத்தான் முதல் சான்றாகக் காட்டிவருகிறார்கள். 2003 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியான அந்த ஆய்வை நடத்தியவர் சாரா பிராஸ்னன். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் அப்போது முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தார். உடன் எழுதியவர் அவருடைய வழிகாட்டி பிரான்ஸ் டி வால்.

சோதனை எளிமையானது. இரண்டு பெண் கபுச்சின் குரங்குகள் அருகருகே, ஒன்றையொன்று பார்க்கும்படி இருக்கும். ஆய்வாளர் ஒரு சிறு கருங்கல் துண்டைக் கொடுப்பார். குரங்கு அதைத் திருப்பிக் கொடுத்தால் கூலியாக ஒரு வெள்ளரித் துண்டு. இரண்டுக்கும் வெள்ளரியே கிடைக்கும்வரை பேரம் தடையின்றி நடந்தது. அதே கல்லுக்குப் பக்கத்துக் குரங்கு திராட்சை பெறுவதைக் கண்டதும் நிலைமை மாறியது. வெள்ளரி பெற்றுவந்த குரங்கு கல்லைத் திருப்பித் தர மறுத்தது. வெள்ளரியை வாங்கினாலும் தின்னாமல் வீசியெறிந்தது. பக்கத்துக் குரங்கு கல்லே கொடுக்காமல் சும்மா திராட்சை பெற்றபோது மறுப்பு இன்னும் கூடியது. சமமற்ற கூலியைக் குரங்குகள் நிராகரிக்கின்றன என்று கட்டுரையின் தலைப்பே அறிவித்தது. டி வால் 2011இல் ஒரு மேடையில் இந்தச் சோதனையின் காணொளியைக் காட்டி, அப்போது நடந்துகொண்டிருந்த வால் ஸ்ட்ரீட் போராட்டத்தோடு அதை ஒப்பிட்டார். உலகமே அந்தக் காணொளியைப் பார்த்தது.

காணொளியைப் பார்க்கும் எவருக்கும் குரங்கின் கோபம் புரியும். புரிந்துவிட்டது என்று நாம் நினைப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அந்தக் குரங்கு எதற்காகக் கோபப்பட்டது? பக்கத்துக் குரங்குக்கு அதிகம் கிடைத்ததாலா, திராட்சை கண்ணெதிரே இருந்தும் தனக்கு வெள்ளரி வந்ததாலா? முதலாவது நியாயம் பற்றிய உணர்வு. இரண்டாவது வெறும் ஏமாற்றம். அதற்குப் பக்கத்தில் யாரும் இருக்க வேண்டியதில்லை.

பிராஸ்னனுக்கு இந்தக் கேள்வி தெரியாமல் இல்லை. பக்கத்து இடத்தைக் காலியாக விட்டு, அங்கே திராட்சையை வைத்தும் சோதித்தார். அப்போதும் மறுப்பு எழுந்தது. ஆனால் போகப்போகக் குறைந்தது. இந்த வேறுபாட்டின் மீதுதான் அவருடைய முடிவு நின்றது. 2006இல் வேறொரு குழு, முன்பு திராட்சை பெற்றுப் பழகிய கபுச்சின்களுக்கு வெள்ளரியைக் கொடுத்துப் பார்த்து, ஏமாற்றமே மறுப்புக்குப் போதுமான காரணம் என்று வாதிட்டது. அதே ஆண்டு ஜெர்மனியின் லைப்ஸிக்கில் மனிதக் குரங்குகளைச் சோதித்தவர்களுக்கும் நியாய உணர்வு தென்படவில்லை. 2007இல் பிராஸ்னன் குழு பதில் தந்தது: உணவைச் சும்மா நீட்டினால் இந்த விளைவு வராது, வேலை வாங்கிவிட்டுக் கூலியாகக் கொடுத்தால்தான் வரும்.

இந்த விவாதத்தில் என்னை மிகவும் கவர்ந்தது 2017இல் யான் எங்கெல்மன் குழு சிம்பன்சிகளிடம் நடத்திய சோதனை. அவர்கள் கேட்ட கேள்வி, கொடுப்பவர் யார் என்பது. மட்டமான உணவை ஒரு மனிதர் கொடுத்தபோது சிம்பன்சிகள் அதிகம் மறுத்தன. அதையே ஓர் இயந்திரம் கொடுத்தபோது மறுப்பு குறைந்தது. அப்படியென்றால் அந்த மனத்தாங்கல் பக்கத்திலிருப்பவரை நோக்கியதல்ல. நல்லதைத் தரக்கூடிய நிலையிலிருந்தும் தராத மனிதரை நோக்கியது. அவ்வளவு காலமும் எல்லோரும் இரண்டு விலங்குகளையே பார்த்துக்கொண்டிருக்க, எதிரே நின்று உணவு நீட்டியவர் கணக்கில் வராமலே இருந்திருக்கிறார். 2024இல் 18 இனங்கள் மீது நடந்த 23 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகத் திரட்டிப் பகுத்தபோது, விலங்குகள் சமமின்மையை வெறுக்கின்றன என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வேறு வகைச் சோதனைகளில் வேறு விடை வரலாம். ஆனால் வெள்ளரித் துண்டின் மீது எழுப்பப்பட்ட பெரிய கட்டடம் ஆட்டம் கண்டிருப்பதை மறுக்க முடியாது.

குரங்குகளுக்குக் கொடுக்கல் வாங்கலே தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. நன்றாகவே தெரியும். கென்யாவின் அம்போசெலியில் ராபர்ட் செய்ஃபார்த்தும் டோரதி சேனியும் ஒலிபெருக்கியை மறைத்து வைத்து, ஒரு வெர்வெட் குரங்கு உதவி கேட்கும் குரலை இன்னொன்றுக்குக் கேட்க வைத்தார்கள். உறவல்லாத அந்தக் குரங்கு சற்று முன்பு தனக்குப் பேன் பார்த்துவிட்டிருந்தால், குரலைக் கேட்ட குரங்கு கூடுதல் கவனத்தோடு அந்தத் திசையைப் பார்த்தது. 1984இல் வெளியான ஆய்வு இது.

தென்னாப்பிரிக்காவின் லாஸ்காப் அணைக் காட்டில் செசீல் ஃப்ரூட்டோ தன் முனைவர் பட்டக் காலத்தில் செய்தது இன்னும் நுட்பமானது. கூட்டத்தில் கீழ்நிலையில் இருந்த, பேன் பார்க்கும் வேலையைப் பெரும்பாலும் பிறருக்குச் செய்துவந்த ஒரு பெண் வெர்வெட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் வந்தால்தான் ஆப்பிள் துண்டுகள் நிறைந்த பெட்டி திறக்கும். திறந்துவிட்டால் கூட்டமே தின்னலாம். சில காலத்திலேயே அவளுக்கு மற்றவை பேன் பார்க்கும் நேரம் கூடியது. அவள் பிறருக்குச் செய்ய வேண்டியது குறைந்தது. அடுத்து, வேறொரு பெட்டியைத் திறக்க இரண்டாவது பெண்ணைக் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான், முதல் பெண்ணுக்குக் கிடைத்த கவனிப்பு சரிந்தது. தேவைக்கும் வரத்துக்கும் ஏற்ப விலை ஏறி இறங்கும் சந்தையின் கணக்கு, பேச்சும் பணமும் இல்லாத ஒரு கூட்டத்தில் கண்ணெதிரே நடந்தது.

இதிலிருந்து எனக்குத் தெரிவது இதுதான்: யாரால் எனக்கு என்ன ஆகும் என்ற கணக்கில் குரங்கு தேர்ந்தது; எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறதா என்று அது பார்ப்பதற்கான சான்று பலவீனமானது. இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்தானது. சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை நம் அரசமைப்பின் 39ஆவது கூறு வழிகாட்டு நெறியாக வைத்திருக்கிறது. 1976இல் அதற்கென்று சட்டமும் வந்தது. மனிதர்கள் யோசித்து, வாதாடி, போராடிப் பெற்ற உரிமை அது. அதற்குக் குரங்கின் சாட்சியைத் துணைக்கு அழைத்தால், சாட்சி பிறழும் நாளில் உரிமையும் பலவீனப்படும். குரங்குக்கே இல்லாத உணர்வு உனக்கு மட்டும் எப்படி இயற்கை என்று கேட்க ஒருவர் வருவார். லாஸ்காப் பெட்டியைக் காட்டி, கூலியைச் சந்தையே தீர்மானிக்கட்டும், அதுதான் இயற்கை என்று வாதாடவும் ஆள் இருக்கும்.

பிராஸ்னனின் ஆய்வு வீண் என்று நான் கருதவில்லை. அது தெளிவான கேள்வியைக் கேட்டதால்தான் பிறரால் திரும்பச் சோதிக்க முடிந்தது. வருத்தம் வேறொன்றில். முதல் ஆய்வுக்குக் கிடைத்த புகழில் சிறு பங்குகூட அதைச் சரிபார்த்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஏற்கெனவே செய்ததைத்தானே செய்கிறாய் என்ற கேள்வி முனைவர் பட்ட மாணவரை முடக்கிவிடுகிறது. குரங்கு ஆய்வில் இது இரட்டிப்புச் சேதம். ஒரு மையத்தில் இருக்கும் குரங்குகள் சிலவே. அவற்றைக் கொண்டு ஓர் இனம் முழுவதற்கும் முடிவு சொல்ல நேர்கிறது. இதை மாற்றத்தான் 'மெனி பிரைமேட்ஸ்' என்ற கூட்டு முயற்சி உருவானது. 2019இல் வெளியான அதன் முதல் ஆய்வில், பல மையங்கள் ஒரே நினைவாற்றல் சோதனையை 12 இனங்களைச் சேர்ந்த 176 விலங்குகளிடம் நடத்தின.

இதில் நமக்கும் இடமுண்டு. தீபகற்ப இந்தியாவுக்கு வெளியே எங்கும் இயல்பாக வாழாத நாட்டுக் குரங்கு நம் கோயில் வாசலிலும் மலைச்சாலையிலும் இருக்கிறது. பந்திப்பூரில் அவை மனிதரிடம் உணவு கேட்க, தனிக் குரல் எழுப்பிக் கையை நீட்டி, அந்த மனிதர் தம்மைக் கவனிக்கிறாரா என்றும் பார்க்கின்றன என்பதைப் பெங்களூரின் தேசிய உயர் ஆய்வு நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் பதிவு செய்தார்கள். கொடுப்பவரை இவ்வளவு கூர்ந்து கவனிக்கும் இனம் இது. எங்கெல்மனின் கேள்வியை இதனிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்: கொடுக்கும் ஆளை மாற்றி, இயந்திரத்தை வைத்து, பக்கத்துக் குரங்கோடும் அது இல்லாமலும். காட்டுக் குரங்குக்குத் தீனி போட்டுப் பழக்குவது தவறு என்பதால், மறுவாழ்வு மையங்களிலும் உயிரியல் பூங்காக்களிலும் உள்ள குரங்குகளிடம் இதைச் செய்யலாம். புதிய கண்டுபிடிப்பு எதையும் முன்கூட்டியே கேட்காமல், சரிபார்ப்பதையே முனைவர் பட்டத்துக்குப் போதுமான பணியாக ஏற்று, ஐந்தாண்டு உதவித்தொகையும் வனத்துறை அனுமதியும் தர நம் பல்கலைக்கழகங்களும் அரசும் முன்வர வேண்டும். விடை ஆம் என்று வந்தாலும் இல்லை என்று வந்தாலும் அந்த ஆய்வேடு ஏற்கப்படும் என்பதை, மாணவர் சேரும் நாளிலேயே எழுதித் தர வேண்டும்.