கீரையும் பழமும் புற்றுநோயைத் தடுக்குமா?

கேள்வி: ‘‘என் கணவர் கடல் தொழில் செய்பவர். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பழக்கம் உண்டு. 3 மாதமாகக் கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகத் தடித்திருக்கிறது. பழமும் கீரையும் சாப்பிட்டால் புற்றுநோய் வராது என்கிறார்கள். எங்கள் கொல்லையில் என்னென்ன நடலாம்?’’

- வாசகி, காரைக்கால்மேடு.

பதில்: முதலில் மருத்துவமனை, பிறகு கொல்லை. வாய்க்குள் புண்ணோ, வெள்ளை, சிவப்புத் திட்டோ 2 வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். காரைக்கால் அரசு பொது மருத்துவமனையில் காட்டுங்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மரில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.

புகையிலையை மட்டும் விட்டால் போதாது, பாக்கையும் விட வேண்டும். வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் உறுதி செய்திருக்கிறது.

காய், பழம் உதவாதா? உதவும். ஆனால், அளவோடுதான். 10 ஐரோப்பிய நாடுகளில் 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. காய், பழம் அதிகம் உண்டவர்களுக்குப் புற்றுநோய் சற்றே குறைவாக இருந்தது. நார்ச்சத்து, பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. ஆளுக்குத் தினமும் 400 கிராம் காய், பழம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் இந்தக் கணக்கில் சேராது.

சத்து மாத்திரை இதற்கு ஈடாகாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29 ஆயிரம் ஆண்களிடம் ஆய்வு நடத்தினார்கள். அதில் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியதே தவிர, குறையவில்லை. 1994-ல் வெளியான முடிவு இது.

இனி உங்கள் கொல்லை. கடற்கரை மணலில் தண்ணீர் தங்காது, சத்தும் தங்காது. குழிக்கு 2 கூடை மக்கிய தொழுவுரம் போட்டு முருங்கைப் போத்து, கொய்யா, பப்பாளி நடுங்கள். முருங்கைக்கும் பப்பாளிக்கும் வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. அதனால் ஐப்பசி மழைக்கு முன்பே மண்ணை மேடாக அணைத்துவிடுங்கள். கிணற்றுநீர் உப்பாக இருந்தால், பழைய சாக்குகளில் மண்ணும் தொழுவுரமும் நிரப்பி, நல்ல தண்ணீர் தெளித்துக் கீரை விதைக்கலாம். முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும்.

விதையை அடுத்த வாரம்கூட வாங்கிக்கொள்ளலாம். மருத்துவமனைக்கு நாளைக் காலையிலேயே அவரை அழைத்துச் செல்லுங்கள்.