திரும்பி வந்த அரியணை

1776 ஏப்ரல் 11 அன்று தஞ்சைக் கோட்டையில் இரண்டாம் துளஜாஜி மறுபடியும் அரியணை ஏற்றப்பட்டார். 1773 செப்டம்பரில் கோட்டையைப் பிடித்து ஆற்காட்டு நவாப் முகமது அலியிடம் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனிப் படை. இரண்டரை ஆண்டு கழித்து நவாபிடமிருந்து வாங்கி ராஜாவிடம் திருப்பிக் கொடுத்ததும் கம்பெனிதான். இந்த மீட்சிக்குக் குடிகளின் ராஜவிசுவாசமே காரணம் என்றும், முடியாட்சி இந்த மண்ணின் இயல்பு என்றும் ஓர் இதழ் அண்மையில் எழுதியிருக்கிறது. அந்தக் கூற்றுக்கு வரலாற்றில் இடமில்லை.

1736இல் துக்கோஜி இறந்தபின் மூன்றே ஆண்டுகளில் இதே அரியணை ஏகோஜி, சுஜான்பாய், காட்டுராஜா என்று கைமாறியது. கோட்டைக் கில்லேதார் சையது கைகாட்டியவர் ராஜா ஆனார். 1739இல் பிரதாபசிங் வந்த பிறகே சண்டை ஓய்ந்தது. அவர் மகன்தான் துளஜாஜி. அந்த வாரிசுப் போரில் குடிகளின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை, 1776இலும் கேட்கவில்லை.

பிறகு ஏன் மீட்டார்கள்? 1762இல் கம்பெனி நடுநின்று, ராஜா நவாபுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் பேஷ்கஷ், அதாவது கப்பம், கட்டுவதென்று உடன்படிக்கை செய்துவைத்தது. அதைக் கம்பெனிப் படையே மீறியது லண்டன் இயக்குநர்களுக்குப் பிடிக்கவில்லை. நவாபின் கை ஓங்குவதும் பிடிக்கவில்லை. ஆனால் விஷயத்தின் வேர் நெல்லில் இருக்கிறது. சென்னையில் இருந்த கம்பெனி உத்தியோகஸ்தர்கள் நவாபுக்குத் தனிப்பட்ட முறையில் வட்டிக்குக் கடன் கொடுத்திருந்தார்கள். தஞ்சையின் வருமானம் அந்தக் கடனுக்கு ஈடு. பால் பென்ஃபீல்டு என்ற ஒருவர் மட்டும், நவாப் எழுதிக்கொடுத்த வகையில் 1,62,000 பவுனும், தனியாருக்குக் கொடுத்த கடனாக 72,000 பவுனும் தமக்கு வரவேண்டும் என்றார். வயலில் நின்ற பயிர் அறுவடைக்கு முன்பே கடன்காரர் பேருக்குப் போயிருந்தது. ராஜா திரும்பினால் அந்த ஈடு செல்லாது. விளைச்சல் உத்தியோகஸ்தர் பைக்குப் போகாமல் கம்பெனிக் கஜானாவை நோக்கித் திரும்பும். இயக்குநர்களின் உத்தரவோடு வந்து ராஜாவை அரியணை ஏற்றிய கவர்னர் பிகட் பிரபுவை, சென்னைக் கவுன்சிலின் பெரும்பான்மையினரே 1776 ஆகஸ்ட் 24 அன்று சிறைப்பிடித்தார்கள். 1777 மே மாதம் காவலிலேயே அவர் இறந்தார். டெல்டாவின் நெல் யாருக்கு என்ற வழக்கில் ஒரு கவர்னரின் உயிரே போயிற்று. விசுவாசம் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை.

இங்கிலாந்தின் கதையும் வேறல்ல. உள்நாட்டுப் போர் நடந்து, 1649இல் மன்னன் தலை வெட்டப்பட்டு, குடியரசும் நடந்த நாடு அது. 1660இல் இரண்டாம் சார்லஸ் திரும்பும் முன் பிரேடாவிலிருந்து விடுத்த அறிக்கையில், படையினரின் சம்பள பாக்கி தீர்க்கப்படும் என்றும், கைமாறிய நிலங்களின் உரிமையை நாடாளுமன்றமே தீர்மானிக்கும் என்றும் உறுதி தந்தான். சிப்பாயும் நிலக்காரனும் தடுக்காததால்தான் முடி திரும்பியது.

தஞ்சைக்குத் திரும்பியது முழு அரியணையும் அல்ல. கோட்டைக்குள் கம்பெனிப் படை வந்தது. அதன் செலவு ராஜா தலையில். நாகூரும் 277 ஊர்களும் கம்பெனி கைக்குப் போயின. 1781இல் மைசூரின் ஹைதர் அலி படை சீமையைச் சூறையாடியபோது கோட்டை மட்டும் தப்பியது. ஊர்கள் எரிந்தன. 1799 உடன்படிக்கையில் துளஜாஜியின் தத்துப்பிள்ளை சரபோஜி சீமையின் நிர்வாகம் முழுவதையும் விட்டுக்கொடுத்தார்.

பேராவூரணிக்காரர்கள் சேதுபாவாசத்திரம் வழியாகப் போய்ப் பார்க்கும் மனோராவை அதன் பிறகுதான் அவர் கட்டினார். 1814இல் போனபார்ட் வீழ்ந்ததன் நினைவாக எழுந்த எட்டடுக்குக் கோபுரம் அது. குடியரசும் பேரரசும் கண்ட பாரிசுக்குப் பழைய போர்பன் வம்சம் திரும்பியதும் அதே ஆண்டில்தான். அலை ஓசைக்கு நடுவே அறுகோணமாக நிற்கும் அந்தக் கட்டடம் டெல்டாக் கடற்கரையின் பேரழகுகளில் ஒன்று. சரஸ்வதி மகால் நூலகத்துக்கு ஏடு சேர்த்த அதே மனத்தின் ஆக்கம். அதன் கல்வெட்டு சரபோஜியைப் பிரிட்டிஷாரின் நண்பர், கூட்டாளி என்கிறது.

1855இல் அவர் மகன் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்தார். கம்பெனி வேறு ராஜாவைத் தேடவில்லை. தஞ்சையின் வரியை அது 1799 முதலே நேராக வசூலித்துக்கொண்டிருந்தது.