தொலைநிலைக் கல்வியும் செயற்கை நுண்ணறிவும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1981இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது; 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலைத் துணிக்கடைகளில் பகலெல்லாம் நின்று உழைக்கும் இளைஞர்க்கும், மணமானபின் படிக்க விழையும் நம் பெண்மக்களுக்கும் பட்டக் கல்வி எட்டுவது இவ்வழியாலே. இதனைக் குறுக்குவழி என இகழ்வார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

எனினும், சேர்ந்தோர் பலர் இடைநின்று விடுகின்றனர். பாடநூல் கைக்கு வருகிறது; ஐயம் எழுந்தால் கேட்க ஆளில்லை. தொடர்பு வகுப்பு நடக்கும் ஞாயிறன்றுதான் கடையில் கூட்டம் மிகுதி! கல்லூரியில் ஒரு மாணவன் இரண்டு நாள் வாராதிருந்தால் ஆசிரியர் வினவுவார். தொலைவிலிருப்பவன் ஓராண்டு வாளாவிருந்தாலும் ஏனென்று கேட்பாரில்லை. நோயின் மூலம் இதுவே என்பது நம் துணிபு.

2016இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் அசோக் கோயல், இணையவழி மாணவரின் வினாக்களுக்கு 'ஜில் வாட்சன்' என்னும் கணினி உதவியாளரைக் கொண்டு விடையளிக்கச் செய்தார். இரவில் கடையடைத்து வருபவனுக்கு நன்னூல் நூற்பாவை விளக்க அத்தகைய ஒன்று தமிழிலும் வேண்டும். ஆனால், இன்றைய கருவிகள் யாப்பிலக்கணத்தில் துணிந்து பிழை கூறுகின்றன. அறிவிப்பாளர் யாரென ஆராய்ந்தே நபிமொழியை ஏற்கும் மரபினர் நாம். பொறியின் விடையைத் தமிழ்த்துறையினர் சரிபார்த்தே தருதல் வேண்டும். ஒப்படைப்பை எழுதித் தரும் கருவியாக அது மாறுமாயின் கேடே விளையும்.

எவர் பல வாரமாகப் பாடம் திறக்கவில்லை என்பதைப் பொறி கண்டு சொல்லட்டும். அழைத்துப் பேசுபவர் ஆசிரியராகவே இருக்கட்டும். ஜமாஅத் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்: மதரஸா அறையொன்றை இணைய இணைப்புடன் பகலில் பெண்களுக்கும், இஷாவுக்குப்பின் கடை ஊழியர்க்கும் திறந்து வைத்திடுக.