எங்கள் படலைக்கு எவர் காவல்?

யாழ்ப்பாணத்து வளவுக்கு வேலி உண்டு. வேலிக்குப் படலை உண்டு. படலையைத் திறப்பதும் சாத்துவதும் வளவுக்காரனின் உரிமை. இவ்வுரிமையை எவரும் எமக்கு எழுதித் தரவில்லை. பறித்தவர்களை நாம் மறந்ததுமில்லை. ஆயினும், இன்று எம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்ற கைத்தொலைபேசி என்னும் வளவுக்கு வேலியுமில்லை, படலையுமில்லை. எவரும் வரலாம், எவரும் கூவி விற்கலாம், வந்தவர் போகும்போது எம் வீட்டுச் செய்திகளையும் மடியில் கட்டிக்கொண்டு போகலாம். அவர் வந்து போன வண்டிக்கூலியையும் நாமே கொடுக்கின்றோம்! இதனைப் பொறுத்துக்கொள்வது நாகரிகம் என்று சிலர் எமக்குப் புத்தி சொல்ல முற்பட்டிருப்பதாலேயே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

அரியாலையில் ஒரு கமக்காரர் காலையில் திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் என்ன விலை போகின்றது என்று பார்க்க ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கின்றார் என்று கொள்வோம். அவர் வேண்டியது நாலு வரி. வருவதோ நாலு வரியும், அதனைச் சூழ்ந்த ஆடல் பாடல் படங்களும், அவர் யார், எங்கே நிற்கின்றார், நேற்று எதனைப் பார்த்தார் என்று குறித்துக்கொள்ளும் ஒற்றர் நிரல்களும் ஆகும். அவர் பக்கத்தைத் திறந்த அந்தக் கண்ணிமைப்பொழுதில், அவருடைய பார்வையை எவர் வாங்குவது என்று விளம்பரக் கம்பனிகளிடையே ஏலம் நடந்து முடிந்துவிடுகின்றது. வெங்காயம் விற்கப் போனவரையே விற்றுவிடும் சந்தை இது! ஏலத்தில் விழுந்த காசில் ஒரு சதமும் அவருக்கில்லை. ஏலப்பொருளை ஏற்றி இறக்கிய டேற்றாச் செலவு மாத்திரம் அவருடையது.

இச்செலவு எவ்வளவு என்று கேட்பீர்கள். 2015ஆம் ஆண்டில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை ஐம்பது செய்தித் தளங்களை எடுத்து அளந்து பார்த்தது. வந்திறங்கிய டேற்றாவில் பாதிக்கு மேல் விளம்பரமும் அதன் பரிவாரமுமே. பொஸ்ரன் நகரத்துத் தளம் ஒன்றின் முகப்பில் 19.4 மெகாபைற்றில் 15.4 மெகாபைற் விளம்பரம். செய்தி வெறும் 4. எங்கள் சந்தைகளில் பத்துக்கு ஒன்று கழிவு அறவிடுவதை எதிர்த்துக் கமக்காரர் எத்தனை தடவை குரல் எழுப்பியிருக்கின்றனர்! அந்தப் பொஸ்ரன் பக்கத்திலோ கழிவு பத்துக்கு ஏறத்தாழ எட்டு. அதற்கு ஒரு மனு உண்டா? ஒரு மறியல் உண்டா? 2022 செப்ரெம்பரில் இந்நாட்டில் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் இருபது வீதம் ஏறியபோது நாமெல்லாம் முணுமுணுத்தோம். ஏறிய கட்டணத்தில் எத்தனை பங்கு நாம் கேளாத சரக்குக்குப் போகின்றது என்று எவராவது கணக்குப் பார்த்தோமா?

இதற்கு மருந்து உண்டு. புதிய மருந்துமன்று, ஏறத்தாழ இணைய விளம்பரத்தின் வயதேதான் அதற்கும். 1994 ஒக்ரோபரில் அமெரிக்காவின் 'ஹொட்வயர்ட்' இணைய இதழில் முதலாவது பட்டை விளம்பரங்கள் தோன்றின. அந்தப் பத்தாண்டு முடியுமுன்னரே 'இன்ரநெற் ஜங்பஸ்ரர்' என்னும் வடிகட்டி பிறந்துவிட்டது. அதன் வழித்தோன்றலே இன்று 'பிரைவொக்சி' என வழங்குவது. விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை; அதன் மூலநிரலை எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். தொழிலறிந்தோர் இதனைப் 'புறொக்சி' என்பர். நாம் இடையாள் என்போம்.

இடையாளின் வேலை எளிது. ஓர் இணையப் பக்கம் ஒரே துண்டாக வருவதில்லை. 'இந்தப் படத்தை அங்கே எடு, அந்த நிரலை இங்கே எடு' என்று பக்கம் பணிக்க, எம் கருவி பல திசைகளுக்கும் ஓடி ஓடி எடுத்துவருகின்றது. வீட்டிலோ வாசிகசாலையிலோ ஒரு பழைய கணினியில் இடையாளை இருத்தி, எல்லாக் கருவிகளும் அவன் வழியாகவே வெளியே போகவேண்டும் என்று விதித்துவிட்டால், ஒவ்வொரு கோரிக்கையும் முதலில் அவன் கைக்கு வரும். அவனிடம் ஒரு பட்டியல் உண்டு. விளம்பரக் கம்பனியின் முகவரி அதில் இருந்தால், 'அது வேண்டாம்' என்று அவனே மறுமொழி சொல்லி அனுப்பிவிடுவான். வந்த விளம்பரத்தை மறைப்பது வேறு. வராமலே தடுப்பது வேறு. இங்கே அச்சரக்கு எம் கம்பியில் ஏறுவதேயில்லை. ஏறாத சரக்குக்குக் கூலியுமில்லை.

அரியாலையார்க்கு இது விளங்காத பொருளன்று. உப்பாற்றுக் கடனீரேரியின் வாயிலே 1950களில் எழுந்த அரியாலைத் தடுப்பணை செய்யும் வேலை யாது? கடலின் உவர்நீர் உள்ளே ஏறாமல் தடுப்பது. மாரிவெள்ளம் மிஞ்சினால் வெளியே விடுவது. நீர்ப்பாசன எந்திரி ஆறுமுகம் அவர்கள் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு காண வகுத்த திட்டத்தின் ஓர் உறுப்பு அது. அணை கட்டியவர்களைக் கடலின் பகைவர் என்று எவரும் ஏசவில்லை. கதவுகள் பழுதுற்ற காலங்களில் உவர் மீண்டும் ஏறியதையும், வயலும் கிணறும் அதனால் பட்ட பாட்டையும் இவ்வூர்க் கமக்காரர் அறிவர். இடையாளின் பட்டியலும் அணைக்கதவு போன்றதே. பராமரிக்காவிட்டால் ஓட்டை விழும். விளம்பரக்காரர் நாளுக்கொரு முகவரி மாற்றுவர். பட்டியலும் கூடவே புதுக்கப்படவேண்டும். ஒருநாள் நிறுவிவிட்டு ஓராண்டு உறங்குவோர்க்கு இக்கருவி உதவாது.

இனி, எமக்குப் புத்தி சொல்வோரின் வாதத்தைப் பார்ப்போம். 'விளம்பரந்தான் இணையத்துக்குச் சோறு போடுகின்றது. அதனைத் தடுப்பது களவு' என்கின்றனர். களவா? எம் வாசலுக்கு வந்த துண்டுப்பிரசுரத்தை வாங்க மறுப்பது களவென்றால், வானொலியில் விளம்பரம் வரும்போது ஒலியைக் குறைத்த எம் பாட்டன்மார் எல்லாரும் களவாளிகளே! ஜேர்மனியிலே பத்திரிகைப் பெருமுதலாளிகளான அக்செல் ஸ்பிறிங்கர் கம்பனியார் விளம்பரத் தடுப்பானுக்கு எதிராக வழக்காடி, 2018 ஏப்ரலில் அந்நாட்டின் உயர் சமஷ்டி நீதிமன்றத்தில் தோற்றனர். தன் திரையில் எது தோன்றலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பாவனையாளனுக்கு உண்டென்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

ஆனால் ஒரு வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. எமது தமிழ்ப் பத்திரிகைகளின் இணையப் பக்கங்களும் விளம்பரத்தால் சிறிது பயன் பெறுகின்றன. அவற்றின் வயிற்றில் அடிக்கலாமா? அடிக்கலாகாது. அதற்கு வழியும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கடைக்காரரின் விளம்பரத்தைப் பத்திரிகையார் தாமே வாங்கி, தம் சொந்தப் பக்கத்தில் ஒரு படமாக இடட்டும், எந்தப் பட்டியலும் அதனைத் தடுக்க வேண்டியதில்லை, நாமும் தடுக்கமாட்டோம். அச்சுத்தாளில் வந்த நகைக்கடை விளம்பரம் எம்மைப் பின்தொடர்ந்து வீட்டுக்கு வந்ததா? நாம் மரணச்செய்தி படித்தோமா, மருத்துவச் செய்தி படித்தோமா என்று குறித்துக்கொண்டதா? அப்படிப்பட்ட விளம்பரத்தோடு எமக்குப் பகையில்லை. கூகிள் கம்பனி தன் விளம்பரச் சேவையைத் தமிழ்ப் பக்கங்களுக்குத் திறந்ததே 2018 பெப்ரவரியில்தான். அதே கம்பனி 2023இல் விளம்பரத்தால் ஈட்டியது 23,700 கோடி அமெரிக்க டொலருக்கு மேல். அக்கம்பனியின் பந்தியில் கடைசி இலையில் விழும் பருக்கைக்காக எம் ஊர் முழுவதும் வேலியைப் பிரித்துப் போடவேண்டுமென்பது என்ன நியாயம்?

விளம்பரமென்று வருவதெல்லாம் சவர்க்காரமும் சேலையும் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். 2022 டிசெம்பரில் அமெரிக்க மத்திய புலனாய்வுப் பணியகமே தன் மக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது: மோசடிக்காரர் தேடற்பொறி விளம்பரங்களை விலைக்கு வாங்கி வங்கி, கம்பனி போன்று வேடமிட்டு நிற்கின்றனர், ஆதலால் விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று. 2025 நவம்பரில் றொய்ற்றர் செய்தித் தாபனம் முகநூலின் தாய்க்கம்பனியான மெற்றாவின் உள்ளாவணங்களை வெளியிட்டது. 2024ஆம் ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழப் பத்து வீதம் மோசடி விளம்பரங்களாலும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களாலும் வரும் என்று அக்கம்பனியே உள்ளுக்குள் கணித்திருந்ததாம். வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய காசை வைத்துக்கொண்டு தனியே இருக்கின்ற முதியோர் நிறைந்த ஊர்கள் எமது ஊர்கள். இம்மோசடிக்கு இவர்களைவிட வாய்ப்பான இரை வேறெங்கே கிடைக்கும்?

'அப்படியானால் தொலைபேசிக் கம்பனிகளே மேலே வைத்துத் தடுத்துவிடட்டுமே' என்று நல்லெண்ணத்தோடு கூறுவோர் உளர். இங்கேதான் தமிழர் விழித்திருக்க வேண்டும். வடிகட்டி நல்லதா தீயதா என்பதன்று கேள்வி. அதன் கைப்பிடி எவர் கையில் என்பதே கேள்வி. 2013 சனவரியில் பிரான்சில் 'ஃபிறீ' என்னும் கம்பனி தன் வாடிக்கையாளரைக் கேளாமலே ஒரே இரவில் விளம்பரத் தடுப்பைப் போட்டது. அமைச்சர் தலையிடச் சில நாளில் எடுத்தது. போட்டபோதும் வாடிக்கையாளனைக் கேட்கவில்லை, எடுத்தபோதும் கேட்கவில்லை. 2015இல் கரிபியன் தீவுகளில் டிஜிசெல் கம்பனி விளம்பரங்களைத் தடுக்கப் புறப்பட்டது. கூகிள், முகநூல் போன்றோர் எமக்குப் பணம் தந்தால் வழிவிடுவோம் என்றும் சொன்னது. தடுப்பணை சுங்கச்சாவடியாக மாறிய கதை இது. அதே ஆண்டில் இந்தியாவில் ஏர்ரெல் கம்பனி வாடிக்கையாளர் திறக்கும் பக்கங்களினுள்ளே தன் நிரலைச் செருகியதை ஒரு பெங்களூர்க் கணினியாளர் கண்டுபிடித்து வெளியிட்டார். டேற்றாப் பாவனையை அளந்து காட்டவே செருகினோம் என்றது கம்பனி. கண்டுபிடித்தவருக்கோ அந்நிரலை ஆக்கிய வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து வழக்கறிஞர் கடிதம் போனது!

கம்பனிக்கும் மேலே அரசு இருக்கின்றது. 2007 யூனில் இலங்கையில் தமிழ்நெற் தளம் மூடப்பட்டபோது அதனை மூடிய கை எது? இணையச் சேவைக் கம்பனிகளின் கை, ஏவியது அரசு. 2018 மார்ச்சில் கண்டிப் பகுதியில் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டபோதும், 2019 ஏப்ரலில் குண்டுகள் வெடித்தபோதும், 2022 ஏப்ரலில் மக்கள் வீதிக்கு இறங்கியபோதும் சமூக ஊடகங்கள் அடைக்கப்பட்டதும் அதே மேல்மட்ட மதகில்தான். அந்த மதகில் இன்னுமொரு பலகை போடுமாறு நாமே மனுக்கொடுப்பதா? இன்று விளம்பரத்தைத் தடுக்கும் பட்டியலில் நாளை எந்தச் செய்தித்தளத்தின் பெயர் ஏறும் என்று எவர் உறுதி தருவார்? எம் தனிப்பட்ட தரவுகளைக் காப்பதற்கென 2022இல் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். அதன் தலையாய பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த தறுவாயில் ஒத்திவைத்தார்கள். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ எவ்விதத் தாமதமுமின்றி உடனே நடைமுறைக்கு வந்தது! எமைக் காப்பது நொண்டும்; எமை அடக்குவது ஓடும்.

ஆகவே வடிகட்டி வீட்டில் இருக்கவேண்டும். அன்றேல் ஊரார் பார்க்கும் இடத்தில் இருக்கவேண்டும். அரியாலையில் சனசமூக நிலையங்கள் பல உண்டு. பத்திரிகை வாங்கிப் போட்டு ஊரைப் படிக்கவைத்த நிலையங்கள் இவை. அவற்றில் ஒன்று இதனைத் தொடங்கட்டும். மூலையில் கிடக்கும் பழைய கணினி ஒன்று போதும். அதுவுமில்லையேல் உள்ளங்கையளவு 'றாஸ்பெறி பை' கணினியில் 'பை-ஹோல்' என்னும் இன்னொரு வகைத் தடுப்பானை இருத்தலாம். அது முகவரி கேட்கும்போதே தவறான வாசலைக் காட்டாமல் விட்டுவிடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி பயிலும் எம் ஊர்ப் பிள்ளைக்கு இது ஒரு பிற்பகல் வேலை.

இக்கருவியால் ஆகாதவற்றையும் ஒளியாமல் சொல்லிவிடுகின்றோம். முகநூலினுள்ளும் யூரியூப்பினுள்ளும் வரும் விளம்பரங்கள் செய்தி வரும் அதே வாசலால் வருவன. முகவரி பார்த்து அவற்றைப் பிரிக்க முடியாது. இன்று பெரும்பாலான பக்கங்கள் முத்திரையிட்ட கடிதமாகவே வருகின்றன. இடையாள் உறையின் மேலுள்ள முகவரியைப் பார்க்கலாமே தவிர உள்ளே படிக்கமுடியாது. முத்திரையை உடைத்து உள்ளேயும் பார்க்கும் வசதி பிரைவொக்சியின் புதிய பதிப்புகளில் உண்டு. நிலையத்தில் அதனைத் தொடவே கூடாது! வங்கிக் கடிதமும் வைத்தியர் கடிதமும் அதே வழியால்தான் போகின்றன. அவற்றை உடைக்கும் அதிகாரத்தை எந்த நிலையத்துச் செயலாளருக்கும் கொடுக்கலாகாது. யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்ற பதிவேட்டையும் நிறுத்திவிட வேண்டும். ஒற்றரைத் துரத்தப் போய் நாமே ஒற்றராவதா?

தோட்டத்தில் நின்று சிம் அட்டையில் இணையம் பார்ப்பவருக்கு நிலையத்து இடையாள் துணை வரமாட்டான். அவர்கள் தம் தொலைபேசி அமைப்பில் தனிப்பட்ட டி.என்.எஸ். என்னும் இடத்தில் தடுப்புச் சேவை ஒன்றின் பெயரை இடலாம். அது கைப்பிடியை வெளியார் கையில் கொடுப்பதுதான் என்பதை அறிந்துகொண்டே இடட்டும்.

நிலையத்துப் பட்டியல் அச்சிடப்பட்டு அறிவித்தற் பலகையில் தொங்கவேண்டும். ஒரு முகவரியைச் சேர்க்கவோ நீக்கவோ அங்கத்தவர் எவரும் பிரேரிக்கலாம், பெரும்பான்மை தீர்மானிக்கட்டும். செய்தித்தளம் எதுவும், எமக்குப் பிடியாத கட்சியின் தளமாயினும், பட்டியலில் ஏறலாகாதென்பது முதலாவது விதியாக இருக்கட்டும். வருகின்ற பொதுக்கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அரியாலை நிலையங்களின் நிருவாக சபையாரை நாம் கேட்கின்றோம். ஒரு மாதம் வடிகட்டியின்றியும், அடுத்த மாதம் வடிகட்டியோடும் நடத்தி, இரு மாதத்து டேற்றாக் கணக்கையும் அதே பலகையில் பக்கம் பக்கமாக ஒட்டிவிடுங்கள். ஊரார் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.