கொரில்லாவுக்கு யார் கொடுத்த விலை?

ருவாண்டாவில் மலை கொரில்லாவைப் பார்க்க வெளிநாட்டுப் பயணிக்கு அனுமதிச் சீட்டு 1,500 டாலர். நம்ம காசில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். விமானம், ஓட்டல் எல்லாம் தனி. ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க நாளைக்கு எட்டே பேர். அதுவும் ஒரு மணி நேரம்தான். ஜலதோஷம் இருந்தால் அனுமதி கிடையாது. நம்முடைய சாதாரண சளியே கொரில்லாவுக்கு எமன் ஆகிவிடும். பக்கத்து உகாண்டாவில் கொஞ்சம் மலிவு, 800 டாலர்.

போய்விட்டு வந்தவர்கள் தவறாமல் சொல்கிற வசனம் ஒன்று உண்டு: ‘எங்களை மாதிரி ஆளுங்க கொடுத்த காசுலதான் சார் அந்த மிருகமே பொழைச்சிருக்கு!’

பாதி நிஜம். 1980-களின் தொடக்கத்தில் விருங்கா எரிமலைத் தொடரில் சுமார் 250 கொரில்லாக்கள்தான் மிச்சம். 2015-16 கணக்கெடுப்பில் 604. காவலர்களுக்குச் சம்பளம், மருத்துவம், ரோந்து எல்லாவற்றிலும் சுற்றுலாப் பணத்துக்குப் பங்கு உண்டு. மறுப்பதற்கில்லை.

மீதிப் பாதியை டிராவல் ஏஜென்ட் சொல்ல மாட்டார். உகாண்டாவின் பிவிண்டி, எம்ககிங்கா காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் பட்வா மக்கள். தேன் எடுப்பார்கள், கிழங்கு தோண்டுவார்கள், சின்ன மான்களை வேட்டையாடுவார்கள். 1991-ல் இரண்டு காடுகளும் தேசியப் பூங்கா ஆயின. பட்வாக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பட்டா இல்லை, பயிர் இல்லை. அதனால் இழப்பீடும் இல்லை! அடுத்தவன் வயலில் கூலி வேலைக்கும் பிச்சைக்கும் தள்ளப்பட்டார்கள். அவர்களுக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்று உகாண்டாவின் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்வதற்கு 2021 வரை ஆனது.

‘வேட்டைக்காரனைக் காட்டுக்குள்ள விட்டா மிருகம் மிஞ்சுமா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மான்களுக்கு வைத்த கண்ணியில் சிக்கி கொரில்லாக்கள் செத்ததும் உண்மை. ஆனால் காட்டையே விழுங்கியது யார்? 1960-களின் கடைசியில் ருவாண்டா தன் பூங்காவில் ஒரு பெரும் பகுதியை வெட்டியது. எதற்கு? பூச்சிமருந்து தயாரிக்க உதவும் பைரித்ரம் பூவைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்வதற்கு. பட்வா கையில் இருந்த வில்லால் அத்தனை மரத்தைச் சாய்க்க முடியாது.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். எம்ககிங்காவில் ‘பட்வா பாதை’ என்று ஒரு சுற்றுலா. காசு கட்டினால் பட்வாக்களே உங்களைக் காட்டுக்குள் அழைத்துப் போவார்கள். குச்சியைக் கடைந்து நெருப்பு மூட்டிக் காட்டுவார்கள். வேட்டையாடுகிற மாதிரி நடிப்பார்கள். குகை இருட்டில் நின்று பாடுவார்கள். நாம் கைதட்டலாம். தான் வாழ்ந்த வீட்டிலேயே டிக்கெட்டுக்கு நடித்துக் காட்டுவதற்குப் பெயர் வேலைவாய்ப்பாம்!

கொரில்லா பார்க்கப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்கள். ஆனால் 2017-ல் ருவாண்டா கட்டணத்தை 750-லிருந்து ஒரேயடியாக இரண்டு மடங்காக்கியபோதும் பயணிகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். கொடுக்கிறவர்களிடம் பணம் இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பங்கு பட்வாக்களுக்கு உரிமையாகப் போகட்டும், டிப்ஸாக அல்ல. அவர்கள் பெயரில் நிலம் எழுதப்படட்டும். முன்பணம் கட்டும் முன் ஏஜென்ட்டிடம் கேளுங்கள்: ‘இதில் பட்வாவுக்கு எவ்வளவு?’ அவர் முழிப்பார். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காவது பதில் வைத்திருப்பார்.