ஸ்பெயின்காரரும் சிறுவள்ளிக் கிழங்கும்

எங்கள் ஆபீஸுக்கு ஸ்பெயினிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்திருந்தார். செவில்லா ஊர்க்காரர். பொங்கலுக்கு நான் லீவ் லெட்டரை நீட்டிய நேரம் பார்த்து, "உங்கள் ஊரில் திருவிழா உண்டா?" என்று கேட்டுத் தொலைத்தார். நம்ம வாய் சும்மா இருக்குமா? "ஆற்றுத் திருவிழான்னு ஒண்ணு இருக்கு சார், அசந்துடுவீங்க" என்று அளந்துவிட்டேன். நான் அதைக் கடைசியாகப் பார்த்தது ப்ளஸ் டூ படிக்கும்போது!

தை 5-ம் தேதி. திருவண்ணாமலையில் பஸ் ஏறியதும் மனுஷர் தன் ஊர்ப் பெருமையை ஆரம்பித்தார். செவில்லாவில் ஏப்ரல் திருவிழா என்று ஒன்று. 1847-ல் மாட்டுச் சந்தையாகத் தொடங்கியதாம். இப்போது மாடு இல்லை, ஆட்டம்தான் இருக்கிறது. கொசுவம் கொசுவமாய் கவுன் போட்ட பெண்கள், குதிரைச் சவாரி, விடிய விடிய கும்மாளம். மைதானத்தில் ஆயிரத்துக்கும் மேலே துணிக் கொட்டகைகள்.

'ஆஹா, அடுத்த ஏப்ரலில் டிக்கெட் போட்டுட வேண்டியதுதான்' என்று நான் கனவில் இறங்கும்போது குண்டைப் போட்டார். முக்கால்வாசிக் கொட்டகைகள் குடும்பங்களுக்கும் சங்கங்களுக்கும் சொந்தமாம். உள்ளே தெரிந்தவர் யாராவது இருந்தால்தான் நுழையலாம். பொதுக் கொட்டகை சிலதுதான். பத்திரிகை வராத கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காரும் நம்ம வீரம் அங்கே செல்லுபடியாகாது!

மூங்கில்துறைப்பட்டில் இறங்கித் தென்பெண்ணைக்குப் போனோம். சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு மேளதாளத்தோடு வந்துகொண்டிருந்தன. வளையல் கடை, பலூன், பஜ்ஜிப் புகை. ஸ்பெயின்காரர் கரையிலேயே நின்றுவிட்டார்.

"உள்ளே போக யாரைக் கேட்கணும்?"

"ஆத்துல இறங்க யாரைக் கேக்குறது?"

மணலில் கிழங்கு விற்றுக்கொண்டிருந்த ஆயா அவரைப் பார்த்துவிட்டு, "வாய்யா, குந்து" என்றது. அவித்த சிறுவள்ளிக் கிழங்கு ஒன்றைத் தோலுரித்துக் கையில் கொடுத்தது. (இந்தத் திருவிழாவுக்கு வந்துவிட்டு இந்தக் கிழங்கு தின்னாதவன் வந்ததாகவே கணக்கில்லை.) காசு வாங்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றது.

எனக்குச் சுரீரென்றது. "இந்த ஊருதான் ஆயா." நம்பியதாகத் தெரியவில்லை. எனக்குக் கிழங்கு பத்து ரூபாய்.

அங்கேயே சித்தப்பா அகப்பட்டார். "மணல்ல உக்காரணும்னா ஆத்துக்கு எதுக்குப்பா வந்தீங்க? நம்ம கரும்புக் கொல்லைக்கு வந்திருக்கலாமே!" என்று சிரித்தார். நானும் ஜோக் என்றே சிரித்து வைத்தேன்.

ஜோக் இல்லை. 2024 டிசம்பர் 2-ம் தேதி விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்களே, அன்றைக்குச் சித்தப்பாவின் கொல்லையில் ஏறிய மணல் அது. கரும்பு மொத்தமும் போச்சு. அன்று ராத்திரி போன் செய்தேன். "ஒண்ணும் இல்லப்பா, எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றார். நானும் வைத்துவிட்டேன். நேரில் வரவில்லை. ஆபீஸில் ஆடிட்டிங்.

ஸ்பெயின்காரர் விடாமல் கேட்டார். எத்தனை ஏக்கர், வண்டல் எவ்வளவு, மணலை அள்ள என்ன செலவு... சித்தப்பா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். எல்லாமே எனக்கும் புதுச் செய்தி.

பொழுது சாய்ந்தது. பஸ் ஏற்றிவிட வந்த சித்தப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருசமும் வந்துடுங்க சார்" என்றார். பிறகு என்னைக் காட்டி, "வரப்போ இவனையும் கூட்டிக்கிட்டு வாங்க!"

இதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.