கால் ஸ்கானுக்கு முன் சொல்ல வேண்டியவை



நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றதும் குறைந்தால் கால் நாடிகள் ஒடுங்கியிருக்கலாம். சலரோகக்காரருக்கு இது கூடுதலாக வரும். எம்.ஆர்.ஐ. ஸ்கானில் நாடிகள் தெளிவாகத் தெரியக் கடோலினியம் மருந்து ஏற்றுவார்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அதனால் தோல் இறுகும் நோய் வரலாம் என்று 2006இல் தெரியவந்தது. மருந்தேற்றாமல் இரத்த ஓட்டத்தைக் கொண்டே படமெடுக்கும் முறையொன்று 2010இல் வெளிவந்தது. ஆகவே சிறுநீரக வருத்தம் இருந்தால் முதலே சொல்லுங்கள்.

செல் துண்டையும் சொல்லுங்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம். இரும்புத் துண்டை அசைக்கக்கூடும். கண்ணில் இருந்தால் பார்வைக்கே ஆபத்து. என்னோடு கிளினிக் வரும் அம்மாமார் சிலர், "எப்படிப் பட்டதெண்டு கேட்பினம் பிள்ளை" என்று பயந்து மறைக்கிறார்கள். எங்கே இருக்கிறது என்பதுதான் வைத்தியருக்குத் தேவை. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். காந்தம் ஒத்துவராவிட்டால் டொப்ளர் ஸ்கான் இருக்கிறது. சொல்வதால் சிகிச்சை தவறாது.